தொலைநோக்கிக் கண்ணாடியை விசிறி வைத்து ஆற வைப்பது எப்படி?

கண்ணாடி தேய்த்துத் தொலைநோக்கி செய்கிறவர்கள் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. அலுமினியப் பூச்சுக்கு அனுப்புவதற்கு முன், கண்ணாடியை ஃபூக்கோ சோதனைக்கு (கத்தி முனையால் ஒளியை மறைத்து, வளைவின் குறைகளைக் கண்டுபிடிக்கும் சோதனை) நிறுத்தி வைத்திருக்கும்போது, அதன் முகத்தில் கட்டை விரலை அரை நிமிடம் வைத்து எடுங்கள். பிறகு கத்தி முனைக்குப் பின்னால் கண்ணை வைத்துப் பாருங்கள். விரல் பட்ட இடம் பணியாரம் மாதிரி உப்பி நிற்கும். சில நிமிடங்களில் மெல்ல அமுங்கி மறைந்துவிடும். விரல் சூட்டில் அந்த இடம் மட்டும் விரிந்ததுதான் காரணம். இதை முதல் தடவை பார்த்த அன்று எனக்கு ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை. ஒரு விரலுக்கே இப்படி என்றால், பகல் முழுக்க வெயில் காய்ந்த அறையிலிருந்து இரண்டு கிலோ கண்ணாடியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வியாழனைப் பார்க்கிறோமே, அது என்ன பாடுபடும்?

அந்தச் சூட்டை ஒரு சின்ன கம்ப்யூட்டர் விசிறியால் இறக்குவது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. முதல் தொலைநோக்கியை இப்போதுதான் செய்து முடித்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக என்னுடைய 8 அங்குல நியூட்டோனியனையே (குழிந்த கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி) எடுத்துக்கொள்கிறேன்: கண்ணாடியின் கனம் 25 மி.மீ., குவியத் தூரம் 1200 மி.மீ., 10 அங்குல உள்விட்டம் உள்ள குழாய், கீழே குழாயைத் தாங்கித் திருப்ப பிளைவுட்டில் செய்த டாப்சோனியன் பெட்டி.

சூடு செய்யும் கெடுதல்

கண்ணாடி விரிந்து வடிவம் மாறுவது ஒரு பக்கம். ஓரம் சீக்கிரம் ஆறும், நடுப்பகுதி தாமதமாக ஆறும். இரண்டுக்கும் நடுவே வளைவு கொஞ்சம் கோணும். பைரெக்ஸ் கண்ணாடி குறைவாக விரியும். சாதாரண ஜன்னல் கண்ணாடி வகை அதைவிட இரண்டரை மடங்குக்கு மேல் விரியும்.

ஆனால் 8 அங்குல அளவில் அதிகம் கெடுப்பது கண்ணாடிக்கு மேலே நிற்கும் காற்றுதான். தோசைக்கல்லுக்கு மேல் காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான் இங்கேயும், கண்ணுக்குத் தெரியாத அளவில். காற்று 1 டிகிரி சூடானால் அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு குறையும். கேட்க ஒன்றுமில்லாதது போல் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: குழாய்க்குள் 10 செ.மீ. நீளத்துக்கு 1 டிகிரி சூடான காற்றுத் திட்டு ஒன்று இருக்கிறது. நட்சத்திர ஒளி கண்ணாடிக்குப் போகும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை என்று அதை இரண்டு முறை கடக்கிறது. ஒளியின் பாதையில் கிடைக்கும் பிழை சுமார் 180 நானோமீட்டர். பச்சை ஒளியின் அலைநீளமே 550 நானோமீட்டர்தான். அதாவது மூன்றில் ஒரு அலை. பிழையைக் கால் அலைக்குள் கொண்டுவர வேண்டும் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து தேய்த்த வேலையை, ஒரு திட்டுச் சூடான காற்று ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது.

பெரிய ஆட்களுக்கும் இது நடந்திருக்கிறது. கலிபோர்னியாவில் மவுண்ட் வில்சன் மலைமேல் 100 அங்குல ஹூக்கர் தொலைநோக்கி கட்டி முடிந்து, 1917 நவம்பர் 1 அன்று ராத்திரி முதன்முதலாக வானத்தைப் பார்த்தது. வானியலாளர்கள் ஜார்ஜ் எல்லரி ஹேலும் வால்டர் ஆடம்ஸும் வியாழனைப் பார்த்தார்கள். ஒரு வியாழனுக்குப் பதில் ஆறேழு பிம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. பல வருட உழைப்பு பாழாகிவிட்டதோ என்று அவர்கள் கலங்கிப்போனார்கள். பகலில் வேலையாட்கள் கூரையைத் திறந்து வைத்திருந்ததும், வெயில் கண்ணாடிமேல் பட்டதும் பிறகுதான் தெரியவந்தது. சரி, ஆறட்டும் என்று காத்திருந்து, விடியற்காலை இரண்டரை மணி வாக்கில் திரும்பிப் போனார்கள். ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தபோது அது கூர்மையான புள்ளியாக நின்றது. கண்ணாடியில் எந்தக் குறையும் இல்லை. அது ஆறவில்லை, அவ்வளவுதான்.

வேலையைத் தொடங்கும் முன் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படம் சரியில்லை என்றால் உடனே கண்ணாடியைக் கழற்றித் திரும்பத் தேய்க்கப் போய்விடாதீர்கள். முதலில் ஆற வையுங்கள்.

முதலில் அளந்து பாருங்கள்

விசிறி வாங்குவதற்கு முன்னால் உங்கள் கண்ணாடி எவ்வளவு சூடாக இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒயர் முனையில் உணரி உள்ள சின்ன டிஜிட்டல் வெப்பமானி இரண்டு போதும். மீன் தொட்டிக்கு விற்பார்களே, அதுவே நன்றாக வேலை செய்யும். ஒன்றின் முனையைக் கண்ணாடியின் முதுகில் டேப் போட்டு ஒட்டி, மேலே சின்ன ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றை வைத்து மூடுங்கள். மூடாவிட்டால் அது காற்றின் வெப்பத்தைக் காட்டும். இன்னொன்றைக் குழாய்க்கு வெளியே தொங்க விடுங்கள். இரண்டையும் முன்கூட்டியே ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் காட்டுகின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும். மலிவான வெப்பமானிகளில் ஒரு டிகிரி வித்தியாசம் சாதாரணம்.

ஒரு சித்திரை மாத ராத்திரியில் நான் எடுத்த கணக்கு இது. மாடி அறையில் இருந்த கண்ணாடி 36 டிகிரி, ஏழு மணிக்கு வெளிக்காற்று 31. விசிறி இல்லாமல் வித்தியாசம் 1 டிகிரிக்குள் வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. விசிறி வைத்த பிறகு அதே மாதிரி இன்னொரு நாளில் 50 நிமிடத்தில் முடிந்தது. கண்ணாடியின் கனம் இரட்டித்தால் இந்த நேரமும் குறைந்தது இரட்டிக்கும்.

அடுத்தது கண்ணால் பார்க்கும் சோதனை. வடக்கத்திய நாட்டு வழிகாட்டிகள் துருவ நட்சத்திரத்தைப் பாருங்கள், அது நகராது என்று சொல்வார்கள். நமக்கு அது உதவாது. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 8 முதல் 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. அவ்வளவு கீழே காற்றே எல்லாவற்றையும் கலக்கிவிடும். கோடையில் சுவாதி, குளிர்காலத்தில் ரோகிணி அல்லது திருவாதிரை என்று நன்றாக மேலே ஏறிய நட்சத்திரமாகப் பிடியுங்கள். நேர் உச்சியில் டாப்சோனியனைத் திருப்புவது சிரமம் என்பதால் 60 டிகிரி உயரத்தில் இருக்கும்போது பார்ப்பது வசதி.

150 மடங்கு அளவுக்குப் பெரிதாக்கி, ஃபோகஸைக் கொஞ்சம் விலக்குங்கள். நட்சத்திரம் ஒரு வட்டத் தட்டாக விரியும். இப்போது குழாயின் வாய்க்கு முன்னால் கையை நீட்டுங்கள். தட்டுக்குள் உங்கள் கையின் நிழல் தெரியும். விரல்களிலிருந்து தீ நாக்கு மாதிரி காற்று மேலே எழுவதும் தெரியும். உடம்புச் சூடு எப்படி இருக்கும் என்று இப்போது உங்கள் கண்ணுக்குப் பழகிவிட்டது. கையை எடுத்துவிட்டு, அதே மாதிரி சோம்பேறித்தனமான நெளிவுகள் தட்டுக்குள் ஊர்கின்றனவா என்று பாருங்கள். மெதுவாக ஊர்ந்தால் அது உங்கள் குழாய்க்குள் இருக்கும் சூடு. ஆற்று நீர் மாதிரி ஒரே திசையில் வேகமாக ஓடினால் அது மேலே உள்ள வளிமண்டலம். அதற்கு விசிறி மருந்தில்லை.

என்ன விசிறி

12 வோல்ட் கம்ப்யூட்டர் விசிறி, பிரஷ்லெஸ் வகை (மோட்டாரில் உரசும் பிரஷ் இல்லாதது). 8 அங்குலக் கண்ணாடிக்கு 80 மி.மீ. போதும். 10, 12 அங்குலத்துக்கு 120 மி.மீ. நல்லது. பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினாலே அதே அளவு காற்றைத் தள்ளும், அதிர்வும் குறைவு. சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊரில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையிலோ கிடைக்கும். பழைய விசிறி வாங்குவதாக இருந்தால் கடையிலேயே ஓட விட்டு, சட்டத்தை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். விரலில் கிர்ரென்று உறுத்தினால் வேண்டாம். அந்த உறுத்தல் அப்படியே நட்சத்திரத்தில் தெரியும்.

காற்று போகும் திசை சட்டத்தின் பக்கவாட்டில் அம்புக்குறியாகப் போட்டிருக்கும். இல்லாவிட்டால், ஸ்டிக்கர் ஒட்டி, நடுப்பகுதியைத் தாங்கும் குச்சிகள் தெரிகிற பக்கமாகக் காற்று வெளியே வரும். ஒயரை மாற்றிக் கொடுத்தால் திசை மாறும் என்று நினைக்க வேண்டாம். பிரஷ்லெஸ் விசிறி திரும்பிச் சுற்றாது, சில விசிறிகள் கெட்டும் போகும். திசை மாற வேண்டுமானால் விசிறியையே திருப்பிப் போட வேண்டும்.

பொருத்தும் வேலை

முதலில் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, வேறு அறையில் பத்திரப்படுத்துங்கள். மரத்தூள் பறக்கும் இடத்தில் பூச்சு போட்ட கண்ணாடி இருக்கவே கூடாது.

கண்ணாடியைத் தாங்கும் அடிப்பலகையைப் பாருங்கள். முதல் தொலைநோக்கி செய்கிறவர்களில் நிறையப் பேர் வட்டமான பிளைவுட் பலகையை முழுசாக வைத்து, அதன்மேல் மூன்று இடத்தில் கண்ணாடியை உட்கார வைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் செய்திருந்தேன். அது கண்ணாடிக்குக் கம்பளி போர்த்தியது மாதிரி. தாங்கும் மூன்று புள்ளிகளையும் ஒழுங்குபடுத்தும் போல்ட்டுகளையும் தொடாமல், நடுவில் பெரிய துளை ஒன்று போட வேண்டும். 80 மி.மீ. விசிறிக்கு 75 மி.மீ. துளை சரியாக இருக்கும். ஜிக்சா இல்லாதவர்கள் தச்சரிடம் கொடுத்தால் உடனே வெட்டித் தருவார். கண்ணாடிப் பலகைக்குக் கீழே தனியாக இன்னொரு அடிப்பலகை இருந்தால், கண்ணாடிப் பலகையில் பெரிய ஜன்னல்களாக வெட்டிவிட்டு, விசிறியைக் கீழ்ப்பலகையில் வையுங்கள். விசிறிக்கும் கண்ணாடியின் முதுகுக்கும் நடுவே 5 செ.மீ. இடைவெளியாவது இருந்தால்தான் காற்று பரவும். ஒட்டி வைத்தால் நடு மட்டும் ஆறி, ஓரம் சூடாகவே இருக்கும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். விசிறியைப் பலகையில் ஸ்குரூ போட்டு இறுக்காதீர்கள். எவ்வளவு நல்ல விசிறியானாலும் அதிர்வு கண்ணாடிக்குப் போகும். பழைய சைக்கிள் டியூபை 1 செ.மீ. அகலத்தில் நான்கு நாடாவாக வெட்டுங்கள். விசிறியின் நான்கு மூலைத் துளைகளிலும் ஒவ்வொரு நாடாவைக் கோத்து முடிச்சுப் போடுங்கள். பலகையில் துளையைச் சுற்றி, விசிறியைவிட 2 செ.மீ. தள்ளி நான்கு ஸ்குரூ அடித்து, நாடாக்களை அவற்றில் இழுத்துக் கட்டுங்கள். விசிறி தொட்டில் மாதிரி நடுவில் தொங்கும். எந்தப் பக்கமும் மரத்தில் படக் கூடாது. சுற்றியுள்ள இடைவெளியை மெத்தென்ற ஸ்பாஞ்ச் பட்டையால் லேசாக அடைத்தால், காற்று பக்கவாட்டில் கசியாமல் துளை வழியாகவே போகும். வெளிப்பக்கம் விரல் படாத கம்பி வலையும் அதன்மேல் ஒரு துண்டு கொசுவலையும் வையுங்கள். மழைக்காலத்தில் ஈசல் உள்ளே போவதை இது தடுக்கும்.

எந்தப் பக்கம் ஊத வேண்டும்? கீழிருந்து கண்ணாடியின் முதுகில் ஊதுவது ஒரு வழி. குழாய்க்குள் இருக்கும் காற்றைக் கீழே உறிஞ்சி வெளியே தள்ளுவது இன்னொன்று. ஊதினால் கண்ணாடி சீக்கிரம் ஆறும். ஆனால் தரைத் தூசியும் கொஞ்சம் உள்ளே ஏறும். உறிஞ்சினால் முகத்துக்கு மேல் நிற்கும் சூடான காற்று ஓரம் வழியாகக் கீழே இழுபடும், பார்த்துக்கொண்டிருக்கும்போது படம் அமைதியாக இருக்கும். புதியவர்கள் ஊதுவதில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் ஆறாத கண்ணாடிதான் முதல் பிரச்சினை. நாடாவில் தொங்குகிற விசிறியைத் திருப்பிப் போட ஐந்து நிமிடம் போதும். இரண்டு விதமாகவும் ஒவ்வொரு வாரம் வைத்துப் பாருங்கள். உங்கள் குழாய்க்கு எது ஒத்துவருகிறது என்பதை நட்சத்திரம் சொல்லிவிடும்.

மின் இணைப்பு

யூபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இதற்குத் தாராளம். 80 மி.மீ. விசிறி 0.15 ஆம்பியர் அளவில்தான் எடுக்கும். யூபிஎஸ்ஸுக்கு ஆகாது என்று கழித்த பேட்டரிகூடப் பல சமயம் ஒரு ராத்திரி தாங்கிவிடும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று, அடுத்து ஒரு சுவிட்ச், அப்புறம் விசிறி. ஃபியூஸை விட்டுவிடாதீர்கள். இந்த பேட்டரி ஷார்ட் ஆனால் ஒயர் உருகும் அளவுக்கு மின்சாரம் பாயும். வீட்டு மின்சாரத்தை எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாடிக்குக் கொண்டுபோய் அடாப்டர் போடுவது வேண்டாம். பனி இறங்கும் இடத்தில், இருட்டில், வெறுங்காலோடு நிற்கிறோம்.

பவர் பேங்க்தான் இருக்கிறது என்றால் 5 வோல்ட் யூஎஸ்பி விசிறி வாங்குங்கள். சில பவர் பேங்குகள் மின்சாரம் குறைவாக எடுத்தால் தானாக அணைந்துவிடும். முதலில் வீட்டிலேயே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

வேகத்தைக் குறைக்க ஒரு வழி வேண்டும். பக் கன்வெர்ட்டர் என்று கேட்டால், சின்ன திருகு வைத்த சர்க்யூட் தருவார்கள். அதில் 12 வோல்ட்டை 7 வோல்ட் வரை இறக்கலாம். மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கும் பிடபிள்யூஎம் வகையும் கிடைக்கும். ஆனால் சில விசிறிகளில் அது டிக் டிக் என்று சின்ன அதிர்வைக் கிளப்புகிறது. எனக்கு பக் கன்வெர்ட்டர்தான் பிடித்திருக்கிறது. முழு வேகத்தில் தொடங்கிவிட்டுப் பிறகு குறையுங்கள். குறைந்த வோல்ட்டில் சில விசிறிகள் தாமாகச் சுற்றத் தொடங்காது.

ஊதுபத்தி வைத்துப் பார்ப்பது

கண்ணாடியைத் திரும்ப மாட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் அதே அளவு அட்டை வட்டம் ஒன்றை மாட்டி, விசிறியை ஓட விடுங்கள். ஊதுபத்தி ஏற்றி, விசிறிக்குப் பின்னால் பிடியுங்கள். டார்ச் அடித்துக் குழாயின் மேல்வாய் வழியாகப் பார்த்தால், புகை அட்டையின் ஓரத்தைச் சுற்றி வளையமாக ஏறி வருவது தெரியும். எங்கேயாவது ஒரு பக்கம் மட்டும் ஏறினால், மறுபக்கம் ஸ்பாஞ்ச் கசிகிறது, அல்லது பலகை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இதை நிஜக் கண்ணாடியை வைத்துச் செய்யாதீர்கள். ஊதுபத்திப் புகையின் பிசுக்கு பூச்சில் படிந்தால் எடுப்பது கஷ்டம்.

புகை சரியாக வந்தால் கண்ணாடியை மாட்டி, கொலிமேஷன் (கண்ணாடிகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றனவா என்பது) பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ராத்திரி அதே நட்சத்திரத்தை 200 மடங்கில் கூர்மையாக ஃபோகஸ் செய்து, நண்பர் ஒருவரை சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கச் சொல்லுங்கள். எப்போது ஓடுகிறது என்று உங்களுக்குச் சொல்லக் கூடாது. உங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் நாடா வேலை சரியாக அமைந்திருக்கிறது. புள்ளி நீளவாக்கில் இழுபட்டாலோ வளையங்கள் மங்கினாலோ, நாடாவைக் கொஞ்சம் தளர்த்துங்கள், அல்லது வேகத்தைக் குறையுங்கள். எனக்கு முதல் தடவை சனியின் வளையங்களைப் பிரிக்கும் காசினி இடைவெளி விசிறி ஓடும்போதெல்லாம் அழிந்துபோனது. விசிறியின் ஒரு மூலை பலகையில் முட்டிக்கொண்டிருந்தது. நாடாவை ஒரு முடிச்சு இழுத்துக் கட்டியதும் இடைவெளி கறுப்பு நூலாகத் திரும்பி வந்தது.

ராத்திரி முழுக்க எப்படி ஓட்டுவது

பொழுது சாயும்போது தொலைநோக்கியை வெளியே கொண்டுவந்து, முழு வேகத்தில் விசிறியைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்து வேகத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டுப் பார்க்கத் தொடங்குங்கள். அணைக்க வேண்டாம். புதியவர்கள் தவறும் இடம் இது. கண்ணாடி ஒருமுறை ஆறிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். வெளிக்காற்றும் விடிய விடிய இறங்கிக்கொண்டேதான் இருக்கும், கண்ணாடி அதன் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். கடற்கரை ஊர்களில் இந்த இறக்கம் மெதுவாக இருப்பதால் அதிகம் தெரியாது. ஏற்காடு, ஜவ்வாது மலைப் பக்கம் போனால் வெப்பம் மளமளவென்று இறங்கும். அங்கே விசிறியை அணைத்த அரை மணியில் வித்தியாசம் தெரிகிறது.

விசிறியால் தீராத சூடு ஒன்றும் இருக்கிறது. மொட்டை மாடித் தளம் நள்ளிரவு வரை சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். கீழிருந்து ஊதும் விசிறி அந்தச் சூட்டையே உள்ளே இழுக்கும். முடிந்தால் மண் தரைக்கு இறங்குங்கள். மாடிதான் கதி என்றால் சாயங்காலமே தண்ணீர் தெளித்து, தளம் காய்ந்த பிறகு தொலைநோக்கியை ஓர் உயரமான முக்காலிமேல் வையுங்கள்.

10 அங்குலத்துக்கு மேல், அல்லது 40 மி.மீ.க்கு மேல் கனமான கண்ணாடி என்றால், குழாயின் பக்கவாட்டில், கண்ணாடியின் முகத்துக்கு ஒட்டினாற்போல் இன்னொரு விசிறி வைத்து, குறுக்கே ஊதி, எதிர்ப்பக்கத் துளைகள் வழியாக வெளியேற விடுவார்கள். முகத்தின்மேல் படிந்திருக்கும் சூடான காற்றை அது நேரடியாகத் துடைத்துவிடும். பலன் பெரிது. ஆனால் குழாயில் துளை போட வேண்டும், அது வெளிச்சம் கசியாமலும் இருக்க வேண்டும். முதுகு விசிறியில் ஒரு பருவம் பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

ஏசி அறையில் தொலைநோக்கியை வைத்துக் குளிரவைத்து எடுத்துவந்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். சென்னை மாதிரி ஈரக் காற்று உள்ள ஊரில் வேண்டவே வேண்டாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பது மாதிரி கண்ணாடி முழுக்க நீர் கோத்துவிடும். பின்னிரவில் பனி விழும்போதும் கண்ணாடி அப்படி மங்கலாம். அப்போது துணியால் துடைக்காதீர்கள். ஈரத்தோடு மூடியும் போடாதீர்கள். குழாயைப் படுக்கை வாட்டில் சாய்த்து, விசிறியை மெதுவாக ஓடவிட்டு, வீட்டுக்குள் கொண்டுவந்து தானாகக் காய விடுங்கள். கண்ணாடி பளிச்சென்று தெளிந்த பிறகு விசிறியை நிறுத்தி மூடி போடுங்கள், பேட்டரியை அன்றைக்கே சார்ஜில் போட்டுவிடுங்கள்.